ஜப்பான் கோடைத் திருவிழாக்களில் உங்கள் மனசை விட்டுப் போகாத ஒன்று

தூக்கணாங்குருவி

கியோட்டோவின் தேர்த்திருவிழாவான கியோன் மட்சுரியைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜூலை 17, ஷிஜோ-கவராமாச்சி முக்கு. ஊர்வலத்தில் எப்போதும் முதலில் வரும் நகினாத்தா ஹோக்கோ என்ற தேர் வந்து நின்றது. நம்மூர்த் தேரை முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார்கள். இங்கே பிளந்த மூங்கிலைச் சக்கரத்தடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் இழுத்து வழுக்கவிடுகிறார்கள். விசிறி வீசி 'என்யாராயா' என்று குரல் கொடுத்ததும் அவ்வளவு பெரிய வண்டி ஒரே உலுக்கலில் நகர்ந்தது. என் கண் கூரைமேல் இருந்தது. அடிப்பாகம் திரும்பிய பிறகுதான் உச்சிக் கம்பம் வளைந்து, தாமதமாகப் பின்னால் வந்தது. கூரையில் நின்ற ஓர் இளைஞன் அந்த ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தான், அவ்வளவுதான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மரச்சட்டத்தை ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே கட்டுகிறார்கள். அந்தக் கயிற்றுப் பிணைப்பை எந்த அளவுக்கு நம்பினால் அப்படி நிற்க முடியும்? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வடகரை

ஊர்வலத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கியோனைப் பார்த்ததாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 869இல் கொள்ளைநோய்க்கு அஞ்சித் தொடங்கிய சடங்கு இது. 17ஆம் தேதி மாலை, இந்தத் திருவிழாவுக்குரிய யசாகா கோயிலிலிருந்து சாமிப் பல்லக்குகள் புறப்படுவதுதான் உயிர். காலையில் போகும் வண்டிகள் அதற்காகத் தெருவைச் சுத்தம் செய்பவை. மத்தியானத்தோடு கூட்டம் கலைந்துவிடுகிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

என் கதை, 24ஆம் தேதி நடக்கும் இரண்டாவது ஊர்வலத்துக்கு முந்தைய இரவு. அதில் வரும் மினாமி கன்னோன் யாமா என்ற தேரின் குழுவிடம் 1684 என்று ஆண்டு குறித்த இந்தியச் சீட்டித்துணி உண்டு என்று படித்திருந்தேன். அங்கிருந்த பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். எந்த ஊர் என்றார். தமிழ்நாடு, கிழக்குக் கடற்கரை என்றேன். டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரைத் துணிகளை ஜப்பானுக்குக் கொண்டுவந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தத் துணிகளின் சிவப்பு எதிலிருந்து வந்தது என்று கேட்டார். சாயவேர் என்றேன். உடனே சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, மூன்று முறை என்னைச் சொல்லவைத்து எழுதிக்கொண்டார். அப்புறம் அந்தச் செடி இன்னும் அங்கே முளைக்கிறதா என்று கேட்டார். கடற்கரை மணலில் முளைக்கிறது, தோண்டத்தான் ஆள் இல்லை என்றேன். அவர் முகம் வாடியது. என் ஊர்ச் செடிக்காக அவர் வருத்தப்பட்டார்.

அந்திமழை

கியோட்டோவையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? ஃபுகுவோகா நகரில் தேரைத் தோளில் சுமந்து ஓடும் ஹகாதா கியோன் யாமகாசா திருவிழாவுக்குப் போங்கள். ஜூலை 15, விடியற்காலை 4:59. முதல் குழு குஷிதா கோயில் முற்றத்தில் நின்று வாழ்த்துப் பாட்டுப் பாட ஒரு நிமிடம் வேண்டும், அதற்காகத்தான் அந்த நேரம். சுமார் ஒரு டன் எடையுள்ள தேரைத் தோளில் வைத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். நான் கோயிலிலிருந்து தள்ளி ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அந்த வீட்டுப் பாட்டி தண்ணீர் வாளியோடு காத்திருந்தார். 'ஓயிசா ஓயிசா' சத்தம் நெருங்கியதும் முதலில் தலைவணங்கினார். நிமிர்ந்ததும் முழு வாளியையும் ஓடுபவர்கள்மேல் வீசினார். ஓடிய ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட்டியை நோக்கிக் கையை உயர்த்திவிட்டுப் போனார். மகனா, பேரனா? கேட்க வாயெடுத்தேன், அவர் அடுத்த வாளி நிரப்பப் போய்விட்டார்.

நெல்லிமரம்

நான் பார்த்தது எங்கள் குடியிருப்புப் பக்கத்தில் நடந்த சின்ன 'பொன் ஒதொரி', அதாவது முன்னோர் நினைவாக ஊரே கூடி ஆடும் கோடை நடனம். மெல்லிய காகித வலையால் மீனை அள்ளும் விளையாட்டு நடக்கும் தங்கமீன் கடையில் ஒரு சிறுமியின் காகித வலை மூன்றாவது முறையும் கிழிந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார். அவள் வாங்க மறுத்துவிட்டாள், தானே பிடித்தால்தான் வேண்டுமாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க: காகிதத்தைப் பாதி மட்டும் நனைக்காதீர்கள். ஈரமும் காய்ந்ததும் சேருமிடத்தில்தான் கிழியும், முழுவதும் நனையுங்கள். செங்குத்தாக இறக்காமல் சாய்வாக நுழையுங்கள். மீனைத் துரத்தவே வேண்டாம், மேலே வருவதைத் தலைப்பக்கம் எடுங்கள். வால் அடித்தால் காகிதம் போச்சு. பிடித்த மீனைப் போடும் கிண்ணத்தைத் தண்ணீரை ஒட்டிப் பிடியுங்கள். நாரா மாநிலத்தின் யமாத்தோ கோரியாமாவில் இதற்குத் தேசியப் போட்டியே நடக்கிறது, ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் கை வேலை புரியும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் குழாய்த் தண்ணீரில் நேரே விடாதீர்கள், குளோரினை நீக்கிவிட்டு விடுங்கள். பையோடு கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திறங்கள். முதல் நாள் தீனி வேண்டாம்.

வடகரை

நெல்லிமரம், தொட்டி இல்லாத வீட்டுக்கு இந்த யோசனை எதற்கு? பிடித்த மீனைத் திருப்பிக் கொடுத்தால் பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். அதை முதலில் சொல்லுங்கள்.

நெல்லிமரம்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிறுமியிடம் தொட்டி இருந்தது. அடுத்த நாளும் வருவேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.