டீ பேக் பையை மண்ணில் போடலாமா?

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி. வீட்டில் இப்போது பால், சர்க்கரை இல்லாத டீ பேக் டீதான். அதனால் சக்கைக்கு எறும்பு வருவதில்லை. பின்னைக் கழற்றி, பையைப் பிரித்து, நிழலில் உலர்த்தி ரோஜாத் தொட்டி மண்ணில் கிளறி விடுகிறேன். ஈரத்தோடு கொட்டினால் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடுகிறது, கூடவே குட்டி ஈக்கள் வேறு.

சரி, சக்கை போகட்டும், பைதான் தலைவலி. சில மக்கிவிடுகின்றன. சில எத்தனை நாளானாலும் மண்ணுக்குள் வலை மாதிரி அப்படியே கிடக்கின்றன. பை ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் இழை சேர்ப்பதுதான் காரணம். வாங்கும்போதே அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

அப்புறம், ஃபிரிட்ஜில் மீன் வாடைக்கு உலர்ந்த பையை வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வைத்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.