விட்டமின் டி சரியான பிறகும் அம்மாவுக்கு பிடிஎச் இறங்கவில்லை

அம்மாவுக்கு வயது 72, ஊர் திருநெல்வேலி. போன ஐப்பசியில் வாசல் தெளிக்கும்போது வழுக்கி, ஊன்றிய கை மணிக்கட்டு முறிந்தது. அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் (பிடிஎச்) 124, விட்டமின் டி 14. வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட்டைப் பாலில் கலந்து கொடுத்தோம், தினமும் கால்சியம் மாத்திரையும் உண்டு. இப்போது டி 34, கால்சியம் 9.2, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.1, ஈஜிஎஃப்ஆர் 53. ஆனால் பிடிஎச் 118-லேயே நிற்கிறது. தொடை வலி, படியேற முடியாத அசதி. பிரஷருக்கு ஆம்லோடிபின் மட்டும்தான், நீர் மாத்திரை கிடையாது.

வயதானால் சிறுநீரகம் டி-யைச் செயல்படும் வடிவமாக மாற்றுவது குறையும், குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது, அதை ஈடுகட்ட பிடிஎச் ஏறும் என்று ஒரு டாக்டர் விளக்கினார், எனக்கும் அது பொருந்துவதாகத்தான் தெரிகிறது. அப்புறம் பார்த்த இன்னொரு டாக்டர் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியிலேயே கட்டி இருக்கலாம், கழுத்து ஸ்கேன் எடுங்கள் என்கிறார். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் எவ்வளவு போகிறது என்று இதுவரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

ஸ்கேனுக்கு முன் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்கலாமா?