பிரிட்டனில் இத்தாலிய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் மெக்கானிக், பிறகு வண்டி

சென்ற மாதம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் நண்பர் வீட்டு விசேஷம் ஒன்றில், சென்னையிலிருந்து வந்து ஐந்து மாதமே ஆகியிருந்த ஒரு தம்பி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். 1990களின் நடுவில் தயாரான சிவப்பு டுகாட்டி மான்ஸ்டர் பைக் ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. விலையும் அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது. "சின்ன வயசுல இருந்து ஆசைண்ணா, வாங்கிரலாமா?" என்று கேட்டார். பந்தியில் உட்கார்ந்தபடி அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதே கேள்வி புதிதாக வந்த வேறு பலரிடமும் இருப்பதை அறிவேன் என்பதால், விடுபட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆசையை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நம்மில் பலர் இத்தாலிய வண்டிகளோடு வளர்ந்தவர்கள்தாம். அவை இத்தாலியிலிருந்து வந்தவை என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் இருந்தது. என் பெரியப்பா வீட்டு வாசலில் நின்ற பிரீமியர் பத்மினி, ஸ்டியரிங் தண்டிலேயே கியர் வைத்த ஃபியட் 1100 காரின் பம்பாய்ப் பிறப்பு. பஜாஜ் நிறுவனம் 1960களில் வெஸ்பாவை உரிமம் பெற்றுத் தயாரித்த அனுபவத்தில்தான் 1972இல் சேத்தக்கை உருவாக்கியது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடும் பஜாஜ் ஆட்டோவின் மூதாதை, 1948இல் பியாஜியோ வெளியிட்ட ஆப்பே என்ற மூன்று சக்கர வண்டி. ஆனால் ஊரில் எந்த முக்குக் கடையிலும் அவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதால்தான் அவை நமக்குச் சுமையாகத் தெரியவில்லை. இங்கே நிலைமை அப்படி இல்லை. எனவே வண்டியைத் தேடுவதற்கு முன் அந்த வண்டியைக் கையால் தொட்டுப் பழகிய மெக்கானிக்கைத் தேடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பட்டறைகள் உண்டு. புதிய வண்டிக்கு உத்தரவாதக் காலம் முடியும்வரை அவை நல்லவை. அதைத் தாண்டிய வண்டிகளுக்கு, இத்தாலிய வண்டிகளை மட்டுமே பார்க்கும் சிறிய தனிப் பட்டறைகளே கைகொடுக்கும். அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த மாடலை, இந்த ஆண்டைப் பார்க்கப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேசுபவர் என்றால், பிற்பாடு வண்டியையும் அவரிடமே நம்பி விடலாம்.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு பயில்பவர்களுக்கான தற்காலிக உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டும் தேர்விலும் தேற வேண்டும். இந்த இரு நாட்டு உரிமங்களையும் இங்குள்ள உரிமமாக மாற்றிக்கொள்ள வழியில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த நம்மவர்கள் தங்கள் கார் உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். தானியங்கி கியர் காரில் தேர்வு எழுதித் தேறினால் கையால் கியர் மாற்றும் காரை ஓட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வேறுபாடு பின்னால் சொல்லப்போகும் ஒரு விஷயத்தில் முக்கியமாகும். இருசக்கர வண்டிக்குச் சி.பி.டி. என்ற ஒருநாள் பயிற்சி முடித்தால் 125 சி.சி. வரை எல் பலகையோடு இரண்டு ஆண்டு ஓட்டலாம், ஆனால் மோட்டார்வே என்ற விரைவுச் சாலையில் ஏறக்கூடாது, பின்னால் ஆளை ஏற்றக்கூடாது.

அந்தத் தம்பி பார்த்த மான்ஸ்டருக்கு வருகிறேன். லண்டனின் யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு எல்லை 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. தரத்தை எட்டாத வண்டியை எடுத்து ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். இருசக்கர வண்டி யூரோ 3 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தில் இருக்க வேண்டும், அதாவது பெரும்பாலும் 2007 ஜூலைக்குப் பிறகு பதிவானதாக. பெட்ரோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6. நாற்பது ஆண்டு கடந்து, வரலாற்று வண்டி என்ற வரிப் பிரிவுக்கு மாற்றப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த இரண்டு வயது வரம்புகளுக்கும் நடுவே விழுவன எவை என்று பாருங்கள்: 1993இல் வந்த முதல் மான்ஸ்டர், 1994இல் வந்த டுகாட்டி 916, அந்தக் காலத்து ஆல்ஃபா ரோமியோ கார்கள், அதாவது நம் தலைமுறை சுவரொட்டியில் பார்த்து ஏங்கிய வண்டிகள் அத்தனையும். ஈஸ்ட் ஹாமிலிருந்து வாரம் ஐந்து நாள் வேலைக்கு அதில் போனால் 62.50 பவுண்டு வாரந்தோறும் போய்விடும். அவை மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் தட்டிப் பார்த்துவிட்டே விற்பவரிடம் பேசத் தொடங்குங்கள்.

அடுத்து, என் வாழ்க்கையில் நடந்தது. இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் தனி ஆள் ஒருவரிடமிருந்து ஓர் இத்தாலிய ஹேட்ச்பேக் கார் வாங்கினேன். பதினைந்து நாளுக்கு முன் எடுத்த எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனைச் சான்று கையில் இருந்தது, உள்ளே தோல் இருக்கை, மழை நாளிலும் பளபளத்த வண்ணம். அதுவே போதும் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் நார்த் சர்குலர் சாலையில், லாரிகளுக்கு நடுவே, ஒரு சொடுக்குச் சத்தத்தோடு எஞ்சின் நின்றது. டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. பற்கள் வைத்த அந்த ரப்பர்ப் பட்டைதான் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் முறை காக்கிறது. அது அறுந்ததும் வால்வுகள் அத்தனையும் வளைந்துபோயின. பழுது பார்க்கக் கேட்ட தொகை நான் கார் வாங்கிய விலையைத் தாண்டியது. எம்.ஓ.டி. சோதனையில் பிரேக், விளக்கு, டயர், துரு, புகை ஆகியவற்றைப் பார்ப்பார்களே தவிர, டைமிங் பெல்ட்டையோ எஞ்சினின் உட்புறத்தையோ கியர்ப்பெட்டியையோ தொட மாட்டார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தனி ஆளிடம் வாங்கினால் பெரும்பாலும் அவர் சொன்னபடி வண்டி இருக்கிறதா என்பதே சட்டத்தின் முன் நிற்கும். வணிகரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, பழுதுள்ள வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் வணிகரிடமே வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

எனவே இத்தாலிய வண்டியில் நீங்கள் உண்மையில் வாங்குவது அதன் காகிதக் கோப்பைத்தான். பெல்ட் எந்தத் தேதியில், எத்தனை மைலில், எந்தப் பட்டறையில் மாற்றப்பட்டது என்று ரசீது சொல்ல வேண்டும். "போன வருஷம்தான் மாற்றினேன்" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. ரசீது இல்லையென்றால் பெல்ட் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசி, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். மைலைவிட ஆண்டுக்கணக்கே முக்கியம், ஏனெனில் ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். டுகாட்டியின் பழைய மாடல்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிந்தையவை பலவற்றில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். "மூவாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது" என்று விளம்பரப்படுத்தப்படும் பன்னிரண்டு வயது டுகாட்டியைக் கண்டால் மகிழாதீர்கள், பெல்ட்டைப் பற்றிக் கேளுங்கள்.

டுகாட்டியில் இன்னொன்றும் உண்டு. மற்ற எஞ்சின்களில் வால்வைச் சுருள்வில் மூடும். டுகாட்டியிலோ, ஃபாபியோ தாலியோனி 1956இல் பந்தய வண்டிக்காக அமைத்த டெஸ்மோ முறையில், திறக்க ஒரு நெம்புகோலும் மூட ஒரு நெம்புகோலும் தனித்தனியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு வால்விலும் இரண்டு இடைவெளிகளை அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டர், எட்டு வால்வு என்றால் பதினாறு அளவுகள். டெஸ்மோ சர்வீசின் கட்டணம் ஏன் அவ்வளவு என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில். அது கைவேலைக்கான கூலி. 2021இல் வந்த மல்டிஸ்ட்ராடா வி4 சுருள்வில்லுக்கு மாறிவிட்டது, அதன் வால்வுச் சோதனை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான். ஆனால் அதன் விலை நம் ஆரம்பக் காலப் பட்ஜெட்டுக்கு வெளியே.

நான் இப்போது வைத்திருப்பது மோட்டோ குஸ்ஸி வி7 பைக். கோமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோ டெல் லாரியோவில் 1921 முதல் வண்டி செய்துவரும் நிறுவனம் அது. இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வால்வு இடைவெளியைப் பார்க்கத் தொட்டி, இருக்கை எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, வீட்டுப் பின்புறத்தில் மூடியைத் திறந்து, மெல்லிய இரும்புத் தகட்டு அளவியை இடைவெளிக்குள் விட்டு இழுப்பேன். வெந்த இட்லியிலிருந்து நனைத்த துணியை உரிக்கும்போது ஒரு சிறு பிடிப்பு இருக்குமே, அந்த அளவு இழுவை இருந்தால் சரி. லேசாக நழுவினால் இடைவெளி அதிகம். திருகைச் சிறிது திருப்பி, நட்டை இறுக்கி, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தைத் தண்டு சுழற்றுவதால் சங்கிலிக்கு எண்ணெயிடும் வேலையும் இல்லை. வேகத்தில் டுகாட்டிக்கு நிகரில்லைதான். ஆனாலும் முழு உரிமம் எடுத்த நம்மவர்களுக்கு முதல் இத்தாலிய பைக்காக நான் மனமாரப் பரிந்துரைப்பது இதைத்தான்.

கார் வேண்டும் என்பவர்களுக்கு ஃபியட் 500. 1957இல் தாந்தே ஜாகோசா வடிவமைத்த சின்னக் காரின் நினைவாக 2007இல் வந்த இந்த வண்டி, போலந்தின் டிஹி நகரில், பாண்டா, ஃபோர்டு கா ஆகியவற்றோடு ஒரே அடித்தளத்தில் தயாரானது. ஆகவே பாகங்கள் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், இதைத் தாண்ட வேண்டாம். தானியங்கி உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள் டூயலாஜிக் கியர்ப்பெட்டி வைத்த 500ஐ மலிவாகப் பார்த்து ஆசைப்படுவார்கள். அது சாதாரணக் கியர்ப்பெட்டியை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு. பழசாகும்போது அதன் பம்பு செலவு வைக்கும். இரண்டு சிலிண்டர் ட்வின்ஏர் எஞ்சினும் அழகான சத்தம் தரும், ஆனால் எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாத முன்னாள் உரிமையாளரின் தவறை அது மன்னிப்பதில்லை.

இன்சூரன்சில் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டுகாட்டி வாங்குபவர்களில் பலர், முந்தைய உரிமையாளர் மாட்டிய டெர்மினோனி என்ற வேறு நிறுவனச் சைலன்சரோடு வாங்குகிறார்கள்; அது பிற்சேர்க்கை என்று சொல்லாவிட்டால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். "சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அதில் முத்திரை இருந்தால் எம்.ஓ.டி.யிலும் தேறாது. வி5சி என்ற பதிவுப் பத்திரம் வண்டியின் பொறுப்பாளரைக் காட்டுமே ஒழிய, உரிமையாளரை உறுதிசெய்யாது. கடன் பாக்கி உள்ளதா என்று தனியாகச் சோதியுங்கள். பழைய எம்.ஓ.டி. முடிவுகளை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஒரே துருவைப் பற்றி எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தால், குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஆறு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் பேட்டரியை மெதுவாக மின்னேற்றும் கருவியில் மாட்டிவிட்டுச் செல்லுங்கள். தெருவில் நிறுத்துவதானால் வரியும் இன்சூரன்சும் தொடர்ந்து இருக்க வேண்டும்; சொந்த இடத்தில் நிறுத்தினால் மட்டுமே வண்டி சாலைக்கு வராது என்று சொல்லும் சோர்ன் என்ற அறிவிப்பைக் கொடுத்து இரண்டையும் நிறுத்தலாம். வெஸ்பா வைத்திருப்பவர்கள் சுவரிலோ தரையிலோ பதித்த கொக்கியில் கனத்த சங்கிலியால் பூட்டாமல் போகாதீர்கள். ஸ்கூட்டரை இரண்டு பேர் தூக்கி வேனில் வைக்க ஒரு நிமிடம் போதும்.

அந்தத் தம்பி மான்ஸ்டரை விட்டுவிட்டார். தற்காலிக உரிமம் வந்து, சி.பி.டி.யும் முடித்துவிட்டார். வரும் ஞாயிறு குரோய்டனில் ஒரு வெஸ்பா 125 பார்க்க இருவரும் போகிறோம். குளிர்ந்த எஞ்சின் முதல் உதையில் எப்படிப் பற்றுகிறது, என்ன சத்தம் போடுகிறது என்று நேரில் கேட்க வேண்டும் என்பதால், நாங்கள் வரும்வரை வண்டியைக் கிளப்பவே வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லியிருக்கிறோம்.