புதுப்பிப்பு: வறட்சி ஆய்வுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது

வறட்சி தாங்கும் சோள ரகங்களை ஆராய உதவித்தொகை கேட்டு, முதல் முறை நிராகரிக்கப்பட்டதைப் போன பதிவில் சொல்லியிருந்தேன் இல்லையா, இப்போது கிடைத்துவிட்டது! "சோதனை நடக்கும்போது மழை பெய்துவிட்டால்?" என்று ஒருவர் கேட்டீர்களே, அதுதான் கண்ணைத் திறந்தது, அப்புறம்தான் மழை மறைப்புக் கூரைக்கும் இரண்டாவது பருவத்துக்கும் செலவைச் சேர்த்து எழுதினேன்.

வேலை தொடங்கியாயிற்று. இலையைப் பறித்ததும் ஒரு எடை, சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து ஒரு எடை, உலர்த்தும் அடுப்பில் காயவைத்து இன்னொரு எடை, இந்த மூன்றும் இருந்தால்தான் இலை முழுதாகக் கொள்ளக்கூடிய நீரில் எத்தனை சதவீதம் அதில் மிஞ்சியது என்று கணக்கிட முடியும். வறட்சியில், சோள மணி முற்றும் நேரத்திலும் இலை பச்சை மாறாத ரகங்கள் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

இது போன்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், சோதனைக்கு நிலம் தரும் உழவரின் உழைப்புக்கும் தொகை ஒதுக்குங்கள், தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.