ரெசிடென்ட்களுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? கேஸ் பிரசன்டேஷன் ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறது

வார்டு_ரவுண்ட்ஸ் கேட்டது:

வணக்கம். பொது மருத்துவத் துறையில் ரெசிடென்ட்களின், அதாவது மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர்களின், வாராந்திர கேஸ் பிரசன்டேஷனை நடத்தும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஒரு ரெசிடென்ட் எழுந்து ஹிஸ்டரி, உடல் பரிசோதனை, ரத்த முடிவுகள், ஸ்கேன் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் வாசிக்கிறார், கடைசியில் டயக்னோசிஸ் வருகிறது, அப்புறம் அந்த நோயைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஸ்லைடு ஸ்லைடாக ஓடுகிறது. ஸ்லைடில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே ரெசிடென்ட் அன்று மாலை எமர்ஜென்சியில் புதிதாக ஒருவரைப் பார்க்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல், இருக்கிற டெஸ்ட் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறார்.

சமீபத்தில் ஒரு கேஸ். 62 வயது, நீரிழிவு உள்ளவர், முதுகுவலி, காய்ச்சல். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு) வரை எல்லா விவரமும் சரியாகச் சொன்னார்கள். "சரி, இவருக்கு என்ன இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள், ஏன்?" என்று கேட்டால், "எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும் சார்" என்று பதில் வருகிறது. தெரியும்தான். ஆனால் அந்த எம்ஆர்ஐ இன்றிரவே வேண்டுமா, நாளை மறுநாள் போதுமா, அதற்குள் ஆன்டிபயாடிக் தொடங்கலாமா என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்தானே? அந்த இடத்தில்தான் இவர்கள் நின்றுவிடுகிறார்கள். எல்லோருமே கெட்டிக்காரர்கள், நிறையப் படிக்கிறார்கள், அதனால்தான் எனக்கு இது உறுத்துகிறது.

கேஸ் பிரசன்டேஷன் வழியாகவே இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாலை_ஓபி எழுதியது:

முடியும். ஆனால் கேஸை முழுதாகக் கையில் கொடுக்கிற வரை முடியாது. ரிசல்ட் எல்லாம் வந்த பிறகு சொல்லப்படும் கேஸில் யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது? விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவது போலத்தான் அது. முடிவு தெரியாதவரை எல்லோர் முன்னிலையிலும் யோசிக்க வைப்பது ஒன்றும் புதிய ஏற்பாடு இல்லை, 1910 வாக்கிலேயே மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் செய்ததுதான்: கேஸைப் பேசுபவருக்கு விடை தெரியாது, நோய்க்கூறியல் முடிவு கடைசியில்தான் வரும்.

உங்கள் முதுகுவலிக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் "62 வயது, நீரிழிவு, மூன்று வாரமாக முதுகுவலி", இவ்வளவு மட்டும் சொல்லி நிறுத்திவிடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுத வேண்டும்: அதிக வாய்ப்புள்ளது எது, தவறவிட்டால் ஆபத்தானது எது, அடுத்து நோயாளியிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி எது. எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் வாயால் கேட்டால் துணிந்த இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் அவர்கள் பின்னால் போய்விடுவார்கள். அப்புறம் அடுத்த துண்டைக் கொடுங்கள்: படுத்தாலும் வலி குறையவில்லை, குளிருடன் காய்ச்சல், முள்ளந்தண்டில் ஒரு இடத்தில் தட்டினால் துடிக்கிறார். இப்போது உங்கள் பட்டியலில் எது மேலே போனது, எது கீழே போனது, ஏன்? தசைப்பிடிப்பு என்று எழுதியவர் அதை ஏன் கீழே தள்ளினார் என்று அவரே சொல்லட்டும். பிறகு மூன்றாவது துண்டு: நேற்றிலிருந்து கால் தளர்கிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. அந்த நிமிடத்தில் வேகம் மாற வேண்டும். எபிடியூரல் ஆப்செஸ் (தண்டுவடத்தை அழுத்தும் சீழ்க்கட்டி) இருக்கலாம், பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற பரிசோதனை) எடுத்தாக வேண்டும், எம்ஆர்ஐ இப்போதே வேண்டும், அறுவைசிகிச்சைக் குழுவுக்கும் இப்போதே போன் போக வேண்டும். காய்ச்சல், முதுகுவலி, நரம்புக் குறைபாடு மூன்றும் சேர்ந்து வருவது சிலரிடம்தான், மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் கால் போய்விடும் என்பதை ஸ்லைடில் படித்தால் மறந்துபோகும். இரண்டாவது துண்டிலேயே யாராவது "கால் பலம் எப்படி, சிறுநீர் போகிறதா?" என்று கேட்டிருந்தால், அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எல்லோருக்கும் சொல்லச் சொல்லுங்கள். அந்த வகுப்பின் மிக நல்ல ஐந்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேஸை ஒரே வாக்கியத்தில் சுருக்கச் சொல்லுங்கள். "முதுகுவலி, காய்ச்சல்" என்பது சுருக்கம் இல்லை. "நீரிழிவுள்ள 62 வயதுக்காரர், மூன்று வாரமாகப் படிப்படியாகக் கூடிவரும், ஒரே இடத்தில் நிற்கும், ஓய்விலும் தணியாத முதுகுவலி, குளிர்காய்ச்சல், ஒரு நாளாகக் கால் தளர்ச்சி" என்பது சுருக்கம். திடீரென்றா படிப்படியாகவா, ஒரு இடத்திலா பரவியா என்ற சொற்கள் வந்து உட்கார்ந்ததும் தலைக்குள் இருக்கிற நோய்களில் பாதி தானாகவே விலகிவிடும். இந்த ஒரு வாக்கியம் சரியாக வராதவருக்கு டிஃபரன்ஷியலும் (இருக்கக்கூடிய நோய்களின் பட்டியலும்) சரியாக வராது.

இரண்டாம்_ஆண்டு_ரெசிடென்ட் எழுதியது:

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாங்கள் "எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும்" என்று சொல்வது யோசனை வராததால் இல்லை. யோசித்ததைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால். ஒரு வாய்ப்பைச் சொன்னதும் "அப்படியா, அப்போ ஈஎஸ்ஆர் ஏன் இப்படி இருக்கு?" என்று ஏதாவது ஒரு ரத்த முடிவைக் காட்டி முப்பது பேர் முன்னால் கேட்டு, பதில் வராத வரை நிற்க வைப்பார்கள். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் பாதுகாப்பான பதிலைத்தான் சொல்வார்கள், டெஸ்ட் எழுதுவதுதான் மிகப் பாதுகாப்பான பதில்.

எனக்கு உதவியது என்ன என்று கேட்டால், ஒரு சீனியர் தனக்கே தெரியாத கேஸில் சத்தமாக யோசித்தது. கேஸை வேறு ஒருவர் தயாரித்திருந்தார், அவருக்கு விடை தெரியாது. "இங்கே எனக்கு நிமோனியா என்று தோன்றுகிறது, ஆனால் ஆக்சிஜன் இவ்வளவு குறைந்திருப்பதற்கு இந்த எக்ஸ்ரே போதாது, அதனால் எனக்கு நிம்மதியில்லை, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்குமோ என்று போகிறேன்" என்று அவர் சொன்னபோதுதான், பெரியவர்களும் இப்படித் தடுமாறித்தான் போய்ச் சேர்கிறார்கள், பொருந்தாத ஒன்றைப் பார்த்தால் அதை ஒதுக்காமல் அதிலேயே நிற்கிறார்கள் என்று புரிந்தது. அதுவரை அவர்களுக்கு டயக்னோசிஸ் மேலேயிருந்து இறங்கி வருகிறது என்றே நினைத்திருந்தேன்.

அதனால் சார், தயவுசெய்து நீங்களும் விடை தெரியாத கேஸில் ஒருமுறை உட்காருங்கள்.

பழைய_ஸ்டெத் எழுதியது:

மேலே உள்ள இரண்டையும் ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. யோசிக்கும் முறை என்று தனியாக ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டால் எல்லா நோய்க்கும் அது செல்லும் என்று நம்பிவிட வேண்டாம். மருத்துவர்கள் யோசிக்கும் விதத்தைப் பற்றி எல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்விலேயே இது வந்துவிட்டது: அனுபவசாலியும் புதியவரும் இருவருமே தொடக்கத்திலேயே சில ஊகங்களை வைத்துக்கொண்டுதான் நகர்கிறார்கள், ஒரு கேஸில் நன்றாக யோசிப்பவர் அடுத்த கேஸிலும் நன்றாக யோசிப்பார் என்று சொல்ல முடியாது. வித்தியாசம் பெரும்பாலும் அந்த நோய்களைப் பற்றித் தலையில் எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறது என்பதில்தான். ஆங்கரிங் (முதலில் தோன்றியதையே பிடித்துக்கொள்வது), பிரீமெச்சூர் குளோஷர் (அவசரமாக முடிவுகட்டுவது) என்று சார்புகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெயர் தெரிந்தாலும் அந்த நேரத்தில் அது கண்ணில் படுவதில்லை.

அதனால் நான் செய்வது ஒப்பீடு. முதுகுவலி கேஸ் என்றால் சீழ்க்கிருமித் தொற்று, காசநோய், புற்றுநோய்ப் பரவல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதைப் பிரிக்கிறது என்று மட்டும் கேட்பேன். சீழ்த்தொற்று நாட்களிலோ சில வாரங்களிலோ வரும், இரண்டு முள்ளெலும்புக்கு நடுவிலிருக்கும் டிஸ்க்கைச் சீக்கிரமே அரிக்கும். காசநோய் மாதக்கணக்கில் மெதுவாக வரும், மார்புப் பகுதி முதுகெலும்பில் அதிகம், டிஸ்க் ஓரளவு தப்பியிருக்கும், பக்கத்தில் பெரிய சீழ்க்கட்டி இருக்கும், காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். புற்றுநோய் எலும்பைத் தின்னும், டிஸ்க்கைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒரு நோயை மட்டும் தனியாகப் படிக்கிற ரெசிடென்ட்டுக்கு "முதுகுவலி, எடை குறைதல்" என்பது மூன்றிலும் இருப்பது தெரியும், ஆனால் எது பிரிக்கும் என்பது தெரியாது.

இன்னொன்று எண்கள். டெஸ்ட் எழுதுகிறவர்களிடம், டெஸ்டுக்கு முன்னால் எவ்வளவு சதவீதம் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்துக்கு நெகட்டிவ் காட்டும் ஒரு டெஸ்ட். 100 பேரில் 10 பேருக்குத்தான் நோய் என்றால், அந்த 10 பேரில் 9 பேருக்குப் பாசிட்டிவ், மீதி 90 பேரிலும் 9 பேருக்குப் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தவரில் பாதிப் பேருக்கு நோய் கிடையாது. 100 பேரில் 50 பேருக்கு நோய் இருக்கலாம் என்று நினைக்கும் கூட்டத்தில் அதே டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் 90 சதவீதம் நம்பலாம். இதைப் பலகையில் போட்டுக் காட்டிய பிறகு, அறுவைசிகிச்சை முடிந்து படுக்கையில் கிடக்கிற 75 வயதுக்காரருக்கு டி-டைமர் (ரத்தக்கட்டு கரைவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடியிருக்கிறது என்பதை வைத்தே பல்மனரி எம்பாலிசம் (நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு) என்று யாரும் சொன்னதில்லை, அவருக்கு அது எப்படியும் கூடித்தான் இருக்கும். அந்த டெஸ்ட் உதவுவது வாய்ப்பு குறைவாக இருப்பவரிடம் நெகட்டிவ் வந்து அடைப்பை விலக்கும்போதுதான்.

வார்டு_ரவுண்ட்ஸ் எழுதியது:

ரெசிடென்ட் தோழி எழுதியதை இரண்டு முறை படித்தேன், நன்றி. அடுத்த வாரக் கேஸை இன்னொருவரைத் தயாரிக்கச் சொல்லிவிடுகிறேன், நானும் விடை தெரியாமல்தான் உட்காரப்போகிறேன். இரண்டு சந்தேகம். துண்டு துண்டாகக் கொடுத்துப் பழகினால் ஹேண்டோவரில் (ஷிப்ட் மாறும்போது நோயாளியை அடுத்த மருத்துவரிடம் ஒப்படைக்கையில்) கேஸைச் சொல்லும்போதும் கதை மாதிரி நீட்ட மாட்டார்களா? அப்புறம், காலை ரவுண்ட்ஸில் நோயாளி ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காதபோது என்ன செய்வது?

நைட்_டியூட்டி எழுதியது:

இரண்டும் வேறு வேறு வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹேண்டோவரில் முதல் வாக்கியத்திலேயே டயக்னோசிஸ், நிலை எவ்வளவு மோசம், இன்றிரவு என்ன பார்க்க வேண்டும். ஐசியூவில் அதை மறைத்து வைத்துக் கதை சொல்வது ஆபத்து. கற்பதற்கான கேஸில்தான் மறைத்து வைக்கிறோம். எங்கள் ரெசிடென்ட்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை.

ஐந்து நிமிடத்துக்கு, 1992-இல் நெஹரும் சகாக்களும் எழுதிய 'ஒரு நிமிட ஆசிரியர்' முறை இன்னமும் நன்றாகவே வேலை செய்கிறது. என்ன என்று நினைக்கிறாய் சொல், எதை வைத்துச் சொல்கிறாய், பிறகு ஒரே ஒரு பொது விதி, சரியாகச் செய்தது எது, திருத்த வேண்டியது எது. முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம், நமக்குத்தான் விடை தெரியுமே. ரெசிடென்ட் கொஞ்சம் பழகிய பிறகு ஸ்நாப்ஸ் என்கிற முறைக்குப் போகலாம், 2003-இல் வந்தது. அதில் கேஸைச் சுருக்குவது, இரண்டு மூன்று வாய்ப்புகளாகக் குறுக்குவது, அவற்றை ஒப்பிடுவது, தனக்குப் புரியாததை ஆசிரியரிடம் கேட்பது, திட்டம், வீட்டில் படிக்க ஒரு கேள்வி என்று பேச்சை நடத்துவதே ரெசிடென்ட்தான்.

பாராட்டும்போது விடையை மட்டும் பாராட்டாதீர்கள். தவறான காரணத்தால் சரியான டயக்னோசிஸுக்குப் போனவரிடமும் "எதை வைத்து?" என்று கேட்டாக வேண்டும், நல்ல காரணத்தோடு தவறான இடத்துக்குப் போனவரிடம் "இந்த விவரம் கைக்கு வரும் வரை உன் யோசனை சரிதான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். மேலே அந்த ரெசிடென்ட் சொன்ன பயம் அப்போதுதான் விலகும்.

இரண்டாம்_ஆண்டு_ரெசிடென்ட் எழுதியது:

அதோடு இன்னொன்று. டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை. நாங்கள் நினைத்தது சரியா என்று தெரியாமலே அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறோம். அட்மிஷன் அன்று எழுதிய தாளை வைத்திருந்து, சில வாரம் கழித்து ஃபைனல் டயக்னோசிஸோடு திருப்பிக் கொடுத்தால் போதும், மீதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

வார்டு_ரவுண்ட்ஸ் எழுதியது:

செய்யலாம். முதுகுவலிக்காரரின் கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வந்தது, எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதய வால்வில் தொற்றால் வந்த கட்டியும் தெரிந்தது. முதல் நாள் கேஸ் ஷீட்டிலேயே "மர்மர் இருக்கிறது, பழையதா தெரியவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது (மர்மர் என்பது இதயத்தில் கேட்கும் கூடுதல் ஒலி, வால்வைப் பார்க்கச் சொல்லும் தடயம்), அதன் பிறகு யாரும் அதைத் தொடவே இல்லை. அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன்.