லூர்திலிருந்து லண்டன்: ஒரே சாரதி, ஒரே நாளில் முடியுமா?

லண்டன் கோச்

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் பங்கு ஒன்றின் யாத்திரைக் குழுவைக் கோச் பஸ்ஸில் லூர்துக்குக் கூட்டிவந்திருக்கிறேன். 50 பேர், பாதிப்பேர் வயதானவர்கள். நான் தனிச் சாரதி. மலிவாகக் கிடைத்தது என்று ஹோட்டலை 20 கிலோமீற்றர் தள்ளித் தார்பில் போட்டிருக்கிறார்கள்.

நாளை சனிக்கிழமை. காலை 8 மணிக்குக் கவர்னி மலைப்பக்கம் ஓட்டம், பின்னேரம் மூன்று மணித்தியாலம் ஓய்வு, இரவு 9 மணிக்கு மெழுகுதிரிப் பவனி. அது முடிந்து சக்கர நாற்காலிகளை மடித்து ஏற்றி, ஆக்களை எண்ணித் தார்புக்கு வர 11 மணியாகும். குழுவை நடத்துகிற ஐயா ஞாயிறு விடிய 5 மணிக்கு வெளிக்கிடச் சொல்கிறார். திங்கள் எல்லோருக்கும் வேலையாம். "பின்னேரம் சும்மாதானே இருக்கிறாய், அதையும் ஓய்வில் சேர்" என்கிறார். சேர்க்கலாமா? கம்பனிக்கு எடுத்துப் பார்த்தேன், ஒருவரும் போன் தூக்கவில்லை.

பாரிஸ் அண்ணை

தம்பி, ஐயா சொல்வதில் பாதி சரி. நாளாந்த ஓய்வை 3, பிறகு 9 மணித்தியாலம் என்று இரண்டாகப் பிரிக்கலாம். அந்த மூன்று மணித்தியாலமும் உண்மையில் உம்முடையதாக இருக்க வேண்டும். இடையில் "ஒருக்கா கதவைத் திற" என்று யாரும் கூப்பிடக் கூடாது. அப்படி எடுத்தால் அது முழு ஓய்வாகவே எழுதப்படும், குறைத்த ஓய்வாக அல்ல. ஆனால் இரவில் 9 மணித்தியாலம் எப்படியும் வேண்டும். 11 மணிக்கு நிறுத்தினால் காலை 8. ஐந்து மணிக் கதைக்கே இடமில்லை.

ஆனால் ஐயாவோடு நேரத்தைப் பற்றி வாதாடி என்ன பயன்? ஐந்துக்கு வெளிக்கிட்டாலும் இது முடியாத ஓட்டம். தார்பிலிருந்து கலே துறைமுகம் ஏறக்குறைய 1,100 கிலோமீற்றர். பிரான்ஸ் நெடுஞ்சாலையில் கோச்சுக்கு 100 தான் உச்சம். கலே வரைக்குமே பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அதற்கப்புறம் கப்பலேறி, டோவரிலிருந்து லண்டன். சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம்தான் ஓட்டலாம், கிழமையில் இரண்டு நாள் 10. உள்ளூர் மினிபஸ் பிடித்துப் பவனிக்கு அனுப்பிவிட்டு நீர் மாலை 6 மணிக்கே படுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஹரோ ரவல்ஸ்

வீட்டுக்குத் திரும்பும்போது கிழமை ஓய்வுக்காக இரண்டு மணித்தியாலம் கூட ஓட்டலாம் என்று விதி இருக்கிறதே? 30 நிமிட இடைவேளை எடுத்துவிட்டு.

பாரிஸ் அண்ணை

இருக்கிறது. ஆனால் அது வழியில் எதிர்பாராமல் மாட்டுப்பட்டவனுக்கு. விபத்து, பாதை மூடல், பனி. போய்ச் சேர்ந்ததும் டக்கோ (ஓட்ட நேரத்தைப் பதிகிற கருவி) பிரிண்டில் காரணத்தைக் கையால் எழுத வேண்டும். முதல் நாளே தெரிந்த தூரத்துக்கு என்ன காரணம் எழுதுவது? பொலிஸ் மறித்தால் அன்றைய நாளோடு முந்தைய 56 நாள் பதிவையும் கேட்பான். 28 நாள் என்ற பழைய கதை 2024 டிசம்பர் 31 உடன் போய்விட்டது. டக்கோவிலிருந்து சாரதி கார்டை இழுத்துவிட்டு ஓடு என்று யாராவது காதில் ஓதினால், அந்த ஆளையே ஓட்டச் சொல்லும்.

யாத்திரை அக்கா

குழு நடத்துகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். திங்கள் வேலைதான் பிரச்சினை என்றால் இரண்டாவது சாரதியை எடுங்கோ. தார்புக்கும் லூர்துக்கும் நடுவில்தான் விமான நிலையம். நாளைக்கே வந்து இரவு ஹோட்டலில் படுத்தால், ஞாயிறு இரண்டு பேரும் புத்துணர்ச்சியோடு ஏறலாம். 30 மணித்தியாலத்துக்குள் ஆளுக்கு 9 மணித்தியால ஓய்வு இருந்தால் போதும். சிலர் ஆளை ரயிலில் தூர் நகரத்துக்கு வரவைத்து அங்கே மாற்றலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் அவர் வீட்டிலிருந்து புறப்பட்ட நேரமே வேலையாகக் கணக்காகும், கவனம்.

காசில்லை என்றால் நடுவில் ஓர் இரவு தங்குவதுதான். எந்த வழி எடுத்தாலும் ஆக்களிடம் இன்றைக்கே சொல்லுங்கோ: சீஸ், பன்றி இறைச்சிச் சாமான் வாங்க வேண்டாம். 2025 ஏப்ரல் 12 இலிருந்து பிரித்தானியாவுக்குள் கொண்டுவரத் தடை. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் உறவினர் யாராவது ஏறினால் அவர்களுக்கு ஈடிஏ (பிரித்தானியாவுக்கு வர முன்கூட்டியே எடுக்கும் இணைய அனுமதி) இருக்கிறதா என்றும் பாருங்கோ. மாதா தண்ணீருக்குத் தடை இல்லை, ஆனால் அந்த நீலப் படம் போட்ட கான்கள்! ஆளுக்கு 5 லீற்றர் என்றாலே 250 கிலோ.

லண்டன் கோச்

நன்றி அக்கா, அண்ணை. ஐயாவுக்கு இரண்டாவது சாரதியின் செலவைச் சொன்னேன், முகம் கறுத்துவிட்டது. தூரில் தங்கச் சம்மதம். இப்போது வேறு சிக்கல்: நான் செவ்வாய் காலை 6 மணிக்கு வேலை தொடங்கினேன். திங்கள் காலையோடு ஆறு நாள் முடிகிறது, கிழமை ஓய்வு எடுக்க வேண்டுமே. அன்று எப்படி ஓட்டுவது?

பாரிஸ் அண்ணை

வெளிக்கிட முதல் 45 மணித்தியால ஓய்வு எடுத்தீரா? எடுத்திருந்தால், கிழமை ஓய்வை 12 நாள் வரை தள்ளிப்போட விடும் 12 நாள் விதிக்குள் போகலாம். ஒரே குழு, ஒரே சுற்றுலா, வேறு நாட்டில் 24 மணித்தியாலத்துக்கு மேல் என்பதெல்லாம் உமக்குப் பொருந்துகிறது. பதிலுக்கு, லண்டன் போனதும் 45 உம் 24 உம் சேர்த்து 69 மணித்தியாலம் வண்டியைத் தொடக்கூடாது. கம்பனிக்கு இதை எழுத்தில் அனுப்பும். இல்லையென்றால் புதன்கிழமை பாடசாலை ஓட்டம் என்று போன் வரும். அதற்கு மட்டும் உடனே எடுப்பார்கள். இன்னொன்று, இந்த விதியில் இரவு 10 க்கும் காலை 6 க்கும் இடையில் தனியாக ஓட்டினால் நாலரைக்குப் பதில் 3 மணித்தியாலத்தில் இடைவேளை. சனி இரவு தார்புக்கு வருகிற சின்ன ஓட்டத்தைத் தவிர உமக்கு அந்த நேரத்தில் ஓட்டம் வராது.

ஞாயிறு 8 மணிக்கு வெளிக்கிட்டுப் போர்தோ வழியாகத் தூர், ஏறக்குறைய 600 கிலோமீற்றர். திங்கள் லு மான், ருவான் பக்கமாக ஏறினால் பாரிஸ் நெரிசலும் இல்லை. நாலரை மணித்தியாலத்துக்குள் 45 நிமிடம் நிற்க வேண்டும். பிரிப்பதென்றால் முதலில் 15, பிறகு 30. கப்பல் ஒன்றரை மணித்தியாலம், அதில் இன்னோர் இடைவேளை கிடைக்கும். கலேயில் எல்லோரும் இறங்கிப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சக்கர நாற்காலிகளோடு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கும்.

லண்டன் கோச்

45 எடுத்தேன் அண்ணை, ஞாயிறும் திங்களும் வீட்டில்தான். திங்கள் வேலையைத் தவறவிட முடியாத நாலு பேர் லூர்திலிருந்து பாரிசுக்கு ரயில் எடுத்து, அங்கிருந்து யூரோஸ்டார் பிடிக்கிறார்கள். கப்பல் பதிவைத் திங்கள் மாலைக்கு மாற்றியாயிற்று. கடைசி நிறுத்தம் எங்கே போடலாம்?

பாரிஸ் அண்ணை

ருவானுக்குக் கிட்ட. அதற்குப் பிறகு கலே வரை நிற்காதையும், ஆர் கெஞ்சினாலும் சரி. கோச்சுக்குள்ளேயே கழிப்பறை இருக்கும்தானே. ருவான் நிறுத்தத்தில் பயணப் பெட்டி அறையை நீரே திறந்து, பெட்டிகளுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பூட்டும். ஒளிந்து ஏறிய ஆள் ஒருவருக்கு 10,000 பவுண்ட் வரை தண்டம், அது சாரதியின் தலையிலும் விழும்.