விளம்பர நோட்டீஸ்கள் வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த

வணக்கம். மன்னார்குடி பக்கம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். விளம்பரம் நம்மை எப்படி வாங்க வைக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஆசை. போன வாரம் ஒரு துணிக்கடை நோட்டீஸைக் காட்டினேன். '50% வரை தள்ளுபடி'யில் 'வரை' மட்டும் எறும்பு அளவு. ஒரு மாணவி அதில் விரலை வைத்து, "டீச்சர், இதை மட்டும் ஏன் ஒளிச்சு வெச்சிருக்காங்க?" என்றாள். அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கப் போகிறேன். பொடி எழுத்து நிபந்தனையும் விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2022 விதிமுறை. அதையும் சொல்லித்தருவேன்.

தஞ்சை, திருவாரூர், நாகைக்காரர்கள் வீட்டில் கிடக்கும் நகைக்கடன், சத்துமாவு நோட்டீஸ்களைப் படம் எடுத்து அனுப்புங்களேன். அப்புறம், குறுவை சமயத்தில் உரக்கடையில் தரும் பூச்சிமருந்து நோட்டீஸ் அவசியம் வேண்டும்; என் மாணவர்கள் வீட்டில் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கடைப் பெயரை மறைத்துவிடுங்கள்.